முகாமையாளருக்கு எத்தனை புள்ளி?

ஒவ்வொரு ஜனவரியிலும் என்எஃப்எல் வழமையான பருவம் முடிந்த மறுநாள் வருகிற திங்கட்கிழமைக்கு அமெரிக்க விளையாட்டு ஊடகங்கள் வைத்திருக்கிற பெயர் 'கறுப்புத் திங்கள்'. தோற்றுப்போன அணிகள் தங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளரையும் பொது முகாமையாளரையும் அன்றுதான் வீட்டுக்கு அனுப்பும். காலையிலேயே பெயர்கள் வரத் தொடங்கிவிடும். மத்தியானம் அடுத்த ஆள் யார் என்ற ஊகம். பின்னேரம் எங்கட வட்சப் குழுக்களில் தீர்ப்பு: "அவனைக் கலைச்சது காணாது, இவனையும் கலைக்கவேணும்."

முதலாம் தலைமுறை வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நான் கதைப்பது எங்கட உதைபந்தாட்டத்தைப் பற்றி அல்ல. பந்தைக் காலால் தொடுவதே அபூர்வமான, தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்கிற அமெரிக்க ஃபுட்போலைப் பற்றி. அது என்ன விளையாட்டு என்றே விளங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்மென்ற்றிலிருந்து பிள்ளைகள் கத்துகிற சத்தத்தை மட்டும் கேட்டு வாழ்கிற பெற்றோர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நிறையப் பேர்.

கனடாவில் என்எஃப்எல் அணி கிடையாது. ஆனால் எல்லையில் வரிசை இல்லாத நாளில் இரண்டு மணித்தியாலத்தில் பஃபலோவுக்குப் போய்விடலாம். 2008 முதல் 2013 வரை பஃபலோ பில்ஸ் அணி வருடத்துக்கு ஒரு பருவ ஆட்டத்தை ரொறன்ரோ றொஜர்ஸ் சென்ரரிலேயே ஆடியது. 2014இல் அந்த அணி விலைக்கு வந்தபோது ரொறன்ரோப் பணக்காரர்கள் சிலரும் பாடகர் ஜோன் பொன் ஜோவியும் சேர்ந்து கேட்டார்கள். அணியை இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்ற கோபத்தில் பஃபலோவில் சில மதுச்சாலைகள் அவருடைய பாட்டுகளைப் போடுவதையே நிறுத்தின. கடைசியில் ரெறி, கிம் பெகுலா தம்பதி 1.4 பில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். ஆகவே பில்ஸின் பொது முகாமையாளர் பிரன்டன் பீனைத் திட்ட எங்கட பெடியளுக்கு ஓரளவு உரிமை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். எந்த அளவுகோலை வைத்துத் திட்டுகிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

இந்தப் பொது முகாமையாளர் ஆடுகளத்தில் இறங்குவதில்லை. எந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று சொல்வதும் அவர் அல்ல, அது பயிற்றுவிப்பாளரின் வேலை. ஆளைக் கொண்டுவருவது, வைத்திருப்பது, அனுப்புவது, இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பது ஆகியவை முகாமையாளருடையவை. கணக்கு என்றால் சும்மா கணக்கில்லை. 1994 முதல் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 279.2 மில்லியன் டொலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதற்கு மேல் போகமுடியாது. ஆகவே ஓர் இடத்தில் கூடக் கொடுத்தால் இன்னோர் இடத்தில் குறைத்தே ஆகவேண்டும். கல்லூரியிலிருந்து வருகிற புதிய பிள்ளைகளை ஏப்ரலில் நடக்கும் ட்ராஃப்ட்டில் ஏழு சுற்றுகளாகப் பிரித்து எடுப்பார்கள். கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அந்தத் தெரிவுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடத்துத் தெரிவையும் இந்த வருடமே விற்கலாம்.

ட்ராஃப்ட் முடிந்த மறுநாளே இணையத்தளங்கள் 32 அணிகளுக்கும் 'ஏ பிளஸ்', 'சி மைனஸ்' என்று புள்ளி போட்டுவிடும். தெரிவான பிள்ளைகள் ஒரு நாள் பயிற்சிக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். புள்ளி என்றால் உயிரை விடுகிற எங்கட சமூகத்துக்கே இது கொஞ்சம் கூடிப்போன அவசரம்.

ஒரேயொரு இரவை எடுத்துப் பார்க்கலாம். 2017 ஏப்ரல் 27, பிலடெல்பியா. அன்று ட்ராஃப்ட்டின் முதற்சுற்று.

சிக்காகோ பெயார்ஸ் அணிக்கு மூன்றாவது இடம். அதன் முகாமையாளர் றையன் பேஸ் ஒரேயொரு படி மேலே ஏறுவதற்காகத் தன்னுடைய மூன்றாவது தெரிவோடு இன்னும் மூன்று தெரிவுகளைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார். ஏறி எடுத்தது மிச்சல் ட்ருபிஸ்கி என்ற குவாட்டர்பக்கை. பத்தாவது இடம் பில்ஸுடையது. அதை அவர்கள் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸுக்கு விற்றார்கள். விலை, அந்த வருடத்து 27ஆவது தெரிவு, ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவு, அடுத்த வருடத்து முதற்சுற்றுத் தெரிவு. சீஃப்ஸ் அந்தப் பத்தாவது இடத்தில் எடுத்த பெயர் பற்றிக் மஹோம்ஸ். பன்னிரண்டாவது இடத்தைக் கிளீவ்லண்ட் பிறவுண்ஸ் ஹூஸ்டனுக்கு விற்றது. ஹூஸ்டன் எடுத்தது டெஷோன் வொட்சனை.

மஹோம்ஸ் பிறகு என்ன செய்தார் என்பது ஃபுட்போல் பார்க்காதவர்களுக்கும் தெரியும். 2020, 2023, 2024 பெப்ரவரிகளில் மூன்று சுப்பர் போல். இனி அந்த இரவில் முடிவெடுத்தவர்களைப் பாருங்கள்.

பில்ஸின் முகாமையாளர் டக் வேய்லி, ட்ராஃப்ட் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேலையிழந்தார். அந்த வருடத் தெரிவுகளில் உண்மையாகக் கையைப் போட்டவர் புதிதாக வந்திருந்த பயிற்றுவிப்பாளர் ஷோன் மக்டேர்மட்தான் என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. மஹோம்ஸை எடுத்த சீஃப்ஸ் முகாமையாளர் ஜோன் டோர்சி? இரண்டு மாதம் கழித்து, ஜூனில், அவரையும் அனுப்பிவிட்டார்கள். மஹோம்ஸ் நிரந்தரமாக ஆடத் தொடங்கும்போது டோர்சி அங்கே இல்லை. கிண்ணங்களைத் தூக்கியவர் அவருக்குப் பின் வந்த பிரெட் வீச். நியாயமாகச் சொன்னால் மஹோம்ஸை எடுக்கவேண்டும் என்று அணிக்குள் விடாப்பிடியாக நின்றவர்களில் வீச்சும் ஒருவர். அப்படியென்றால் மஹோம்ஸுக்கான புள்ளியை யாருடைய தாளில் போடுவது? கையெழுத்துப் போட்டவருடைய தாளிலா, காதில் ஓதியவருடைய தாளிலா? அந்தப் பிள்ளையை ஒரு வருடம் வாங்கில் இருத்திப் பழக்கிய கோச் அன்டி றீட்டுக்கு எவ்வளவு?

சிக்காகோவின் பேஸ் அடுத்த வருடமே பெரிய ஆள் ஆனார். 2018இல் அணி 12 வெற்றி, 4 தோல்வி. பாராட்டு மழை. பிறகு ட்ருபிஸ்கி சரிவரவில்லை. 2022 ஜனவரியில் பேஸும் போனார். 2018இல் அவர் கெட்டிக்காரன், 2022இல் மடையன். ஆனால் அவர் எடுத்த முடிவு ஒன்றேதான், 2017 ஏப்ரலில் எடுத்தது.

எனக்கு ஆகப் பிடித்த கதை சான் பிரான்சிஸ்கோவின் ஜோன் லிஞ்சுடையது. முகாமையாளராக அவருக்கு அதுதான் முதல் ட்ராஃப்ட். ஒரு படி கீழே இறங்கி மூன்று தெரிவுகளைச் சும்மா வாங்கினார். இதைவிடக் கெட்டித்தனமான வியாபாரம் இருக்கமுடியாது. அந்த மூன்றாவது இடத்தில் சொலமன் தோமஸ் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார், அவர் அந்த இடத்துக்கு ஏற்ற அளவுக்கு வரவில்லை. 2021இல் லிஞ்ச் மூன்று முதற்சுற்றுத் தெரிவுகளைக் கொட்டிக் கொடுத்து மேலே ஏறி ட்ரே லான்ஸை எடுத்தார். அதுவும் பிழைத்தது. இரண்டு பெரிய சறுக்கல், வேறு ஆளென்றால் கதை முடிந்திருக்கும். ஆனால் 2022இல் ட்ராஃப்ட்டின் ஆகக் கடைசித் தெரிவாக, 262ஆவது ஆளாக, புறொக் பேர்டி என்ற பெடியனை எடுத்தார்கள். அந்தப் பெடியன் அணியை 2024 பெப்ரவரிச் சுப்பர் போலுக்குக் கொண்டுபோய்விட்டான். லிஞ்ச் முன்கூட்டியே கண்டுபிடித்தார் என்று யாரும் சொல்லமுடியாது. தெரிந்திருந்தால் 262 வரைக்கும் பேசாமல் இருந்திருப்பாரா? 2000ஆம் ஆண்டில் நியூ இங்லண்ட் ரொம் பிறேடியை 199ஆவது இடத்தில் எடுத்ததும் இப்படித்தான். அதே வருடம் அவருக்கு முன்னால் ஆறு பேரை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தார்கள்.

நியூ இங்லண்டில் முகாமையாளர் என்ற பட்டம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர் கோச் பில் பெலிசெக். பிறேடியோடு ஆறு சுப்பர் போல். பிறேடி போனபிறகு நான்கு பருவங்களில் 29 வெற்றி, 38 தோல்வி. ஆளும் மூளையும் மாறவில்லை.

அப்ப எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்று சொல்லுகிற ஓர் ஆய்வே இருக்கிறது. கேட் மசி, றிச்சட் தாலர் என்ற இரண்டு அறிஞர்கள் செய்து 2013இல் வெளிவந்தது. தாலர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஓர் அணி ஒரு வீரரை எடுக்கிறது. அதே நிலையில் ஆடுகிற அடுத்த ஆளைச் சற்றுப் பின்னால் இன்னோர் அணி எடுக்கிறது. முதலில் எடுத்தவர் இரண்டாமவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 52 வீதம். காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற நிபுணர்கள், வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, ஓடவிட்டு, பாயவிட்டு, நேர்முகம் வைத்து எடுக்கிற முடிவின் பலன் இது.

இதில் முகாமையாளர்களை மட்டம்தட்டுவது என் நோக்கம் அல்ல. 52 வீதம் என்பது எல்லோருக்கும் பொதுவான இருட்டு என்றால், அந்த இருட்டில் ஒருவர் எப்படி நடந்தார் என்பதைத்தான் பார்க்கவேண்டும். தாலரும் மசியும் சொன்ன பெரிய விஷயமே அதுதான். முகாமையாளர்கள் தங்கள் கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறார்கள், அதனால் மேலே ஏறுவதற்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கிறார்கள். லொத்தர் சீட்டில் எந்த இலக்கம் விழும் என்று தெரியாதவன் ஒரு சீட்டுக்கு நாலு சீட்டின் விலையைக் கொடுத்தால், பரிசு விழுந்தாலும் விழாவிட்டாலும் அது பிழையான வியாபாரம். ஆகவே ட்ருபிஸ்கி நன்றாக ஆடியிருந்தாலும் நான் பேஸுக்கு அந்த இரவுக்காகப் புள்ளி வெட்டியிருப்பேன். தான் விரும்பிய ஆளை இருந்த இடத்தில் இருந்தே எடுத்திருக்கலாம், ஏனென்றால் சான் பிரான்சிஸ்கோ அன்று குவாட்டர்பக் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் பார்ப்பேன். தன் பிழையை எவ்வளவு கெதியாக ஒத்துக்கொள்கிறார்?

பிலடெல்பியா ஈகிள்ஸின் ஹவி றோஸ்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அவரிடமிருந்து அதிகாரத்தைப் பறித்து கோச் சிப் கெலியிடம் கொடுத்தார்கள். அந்த வருடம் முடியமுதல் கெலி போக, றோஸ்மன் திரும்பி வந்தார். 2016இல் விலை கொடுத்து மேலே ஏறிக் கார்சன் வென்ட்ஸை எடுத்தார். 2018 பெப்ரவரியில் சுப்பர் போல் வென்றார்கள், அதுவும் வென்ட்ஸ் காயத்தில் இருக்க, மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸை வைத்து. 2019இல் வென்ட்ஸுக்கு 128 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அடுத்த வருடமே இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹேர்ட்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பக். ஊரே சிரித்தது. 128 மில்லியன் கொடுத்த ஆள் இருக்க இன்னொருவன் என்னத்துக்கு? 2021இல் வென்ட்ஸை அனுப்பிவிட்டார்கள். ஆடாத ஆளுக்காக அந்த வருட உச்சவரம்பில் 33.8 மில்லியன் போனது. அதுவரையில் என்எஃப்எல் வரலாற்றிலேயே அப்படி வீணான ஆகப் பெரிய தொகை. தன் பெயரில் செய்த முதலீட்டை இப்படி நாலு பேருக்கு முன்னால் எரிப்பதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? 2025 பெப்ரவரியில் அதே ஹேர்ட்ஸ் கன்சாஸ் சிற்றியை 40-22 என்று அடித்துச் சுப்பர் போலின் சிறந்த வீரரானார்.

றோஸ்மன் புனிதர் அல்ல. 2020 முதற்சுற்றில் 21ஆவது தெரிவாக ஜேலன் றேகர் என்பவரை எடுத்தார். 22ஆவதாக மினசோற்றா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை, இன்றைக்கு லீக்கிலேயே முன்னணியில் நிற்கிற பந்துபிடிகாரர்களில் ஒருவர். பிலடெல்பியாக்காரர் இதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் றோஸ்மன் "றேகர் ஒருநாள் வருவான்" என்று பிடிவாதமாகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வருடம் டிவொன்ரா ஸ்மித்தை எடுத்தார், அதற்கடுத்த வருடம் ஏ. ஜே. பிறவுணை விலைக்கு வாங்கினார். றேகர் 2022இல் போய்விட்டார், எங்கே தெரியுமோ, மினசோற்றாவுக்கு.

உச்சவரம்புக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வருடச் சம்பளத்தை எதிர்வருகிற வருடங்களின் கணக்கில் பரப்பி எழுதலாம். வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் எடுத்துக் கலியாணவீடு செய்கிற மாதிரி. எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்! நியூ ஓர்லியன்ஸ் முகாமையாளர் மிக்கி லூமிஸ் இதில் விண்ணன். குவாட்டர்பக் ட்ரூ பிறீஸ் இருக்கும்வரை அது சரியாக இருந்தது. 2021இல் பிறீஸ் ஓய்வுபெற்றார். அதன்பின் நான்கு பருவங்களில் ஒருதரமும் பிளேஓஃப் இல்லை, கடன்கட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. றோஸ்மனும் இதே வழியில் நிறையக் கடன் எடுப்பவர்தான். அவர் பெரும்பாலும் இளம் வீரர்களை நம்பி எடுக்கிறார், லூமிஸ் வயதுபோகிற அணியை இழுத்துப் பிடிப்பதற்கு எடுத்தார். ஆகவே ஒரு முகாமையாளரை அவர் போன பிறகும் இரண்டு மூன்று வருடம் மதிப்பிடவேண்டும். எதை விட்டுவிட்டுப் போனார் என்பதும் அவருடைய கணக்கே.

அந்த வகையில் கிளீவ்லண்ட் ஒரு பாடப்புத்தகம். 2016, 2017 என்று இரண்டு வருடமும் சேர்த்து 1 வெற்றி, 31 தோல்வி. பொறுப்பில் இருந்தவர் சாஷி பிறவுண். தெரிவுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தவர், ஊரெல்லாம் நையாண்டி. 2017 டிசம்பரில் கலைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தது யார்? கன்சாஸ் சிற்றி அனுப்பிய அதே ஜோன் டோர்சி. 2017 இரவில் பிறவுண் ஹூஸ்டனுக்கு விற்ற அந்தப் பன்னிரண்டாவது இடத்துக்குக் கிடைத்த விலையில்தான் 2018இல் டென்சல் வோட் என்ற அருமையான தடுப்பாட்டக்காரர் வந்தார். 2017இல் முதலாவது தெரிவாக பிறவுண் எடுத்த மைல்ஸ் கரெட் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். 2020இல் கிளீவ்லண்ட் 11 வெற்றியோடு பிளேஓஃப் போனபோது பிறவுணுக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. டோர்சியும் அதற்கு முன்னரே போய்விட்டார். குவாட்டர்பக்கை எடுக்காமல் விட்டதற்கு பிறவுணுக்குப் புள்ளி வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். ஆனால் முட்டை போடுவது அநியாயம்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். 2017இல் வொட்சனை எடுக்கக்கூடிய இடத்தை விற்ற அதே கிளீவ்லண்ட், 2022இல் அவரை ஹூஸ்டனிடமிருந்து வாங்க மூன்று முதற்சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்தது. மேலதிகமாக ஐந்து வருடத்துக்கு 230 மில்லியன் டொலர், ஒவ்வொரு சதமும் உத்தரவாதத்தோடு. அப்போது 20க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் முறைகேடு தொடர்பாகச் சிவில் வழக்குகள் போட்டிருந்தார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார், குற்றவியல் வழக்குப் பதியப்படவில்லை. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு நிறுத்தி 5 மில்லியன் தண்டம் போட்டது. முதல் மூன்று பருவங்களில் அவர் ஆடியது 19 ஆட்டம். புள்ளிவிபரத்தில் விண்ணன் என்று பெயரெடுத்த, ஹாவார்ட்டில் படித்த முகாமையாளர் அன்ட்ரூ பெரியின் கையெழுத்து அதில் இருக்கிறது. ஆனால் 230 மில்லியனை உத்தரவாதம் செய்ய ஒரு முகாமையாளரால் தனியாக முடியாது. அதற்கு உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லம் தலையாட்டவேண்டும். 2025இல் அவரே அது பிழைத்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு உரிமையாளராகத் தொடர்கிறார்.

எங்கட பெடியளோடு நான் சண்டை பிடிக்கிற இடம் இதுதான். கறுப்புத் திங்களில் ஓர் உரிமையாளரும் வேலை இழப்பதில்லை. டலஸில் ஜெரி ஜோன்ஸ் 1989இல் அணியை வாங்கித் தன்னையே பொது முகாமையாளராகவும் வைத்துக்கொண்டார். முதல் ஏழு பருவத்தில் மூன்று சுப்பர் போல். அதில் பெரும்பங்கு, ஆட்களைத் தெரிந்து எடுத்த கோச் ஜிம்மி ஜோன்சனுடையது. 1996 ஜனவரிக்குப் பிறகு டலஸ் ஒருதரமாவது சுப்பர் போலுக்கு முந்திய ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. வேறு எந்த முகாமையாளருக்கும் இத்தனை வருடம் கொடுப்பார்களா? அவரைக் கலைக்க ஒருவரால்தான் முடியும், அவர் காலையில் கண்ணாடியில் பார்க்கிறவர்.

பஃபலோவுக்கு வருவோம். அங்கே எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனைக்கூடமே இருக்கிறது. ஹொக்கி அணி சேபர்ஸும் பெகுலாவுடையதுதான், 2011இல் வாங்கியது. 2012 முதல் 2025 வரை 14 பருவங்கள் தொடர்ந்து சேபர்ஸ் பிளேஓஃப் போகவில்லை. என்எச்எல் வரலாற்றில் அதைவிட நீண்ட வறட்சி இல்லை. அதற்குள் நாலு பொது முகாமையாளர்கள் வந்தார்கள். பில்ஸ் அணியிலும் வறட்சி இருந்தது, 17 பருவம், 2017இல் பீன் வந்த முதல் வருடமே அது முடிந்தது. ஒரே உரிமையாளர், ஒரே ஊர், ஒரே பணப்பை. ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். நல்ல முகாமையாளர் என்று ஒருவர் உண்டு, அவர் வித்தியாசத்தைக் கொண்டுவருவார். ஆனால் அவரைத் தேடிப் பிடிப்பதும், பிடித்தபின் கையைக் கட்டாமல் விடுவதும் உரிமையாளரின் வேலை. அந்த வேலைக்கு மட்டும் யாரும் 'சி மைனஸ்' போடுவதில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமும் இல்லை. ஓர்ச்சட் பார்க்கில் 2026 பருவத்துக்கென்று கட்டுகிற புதிய மைதானத்துக்கு நியூயோர்க் மாநிலம் 600 மில்லியன் டொலரும், ஈரி கவுண்டி 250 மில்லியன் டொலரும் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க ஒத்துக்கொண்டன. அந்தப் பக்கத்தில் வரி கட்டுகிற தமிழரும் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து போகிற எங்கட பிள்ளைகள், பருவச் சீட்டு வாங்கமுதல் அந்த இருக்கையை வாங்குகிற உரிமைக்கே தனியாகக் காசு கட்டவேண்டும். இவ்வளவும் கொடுக்கிறவர்களுக்கு ஒரு திங்கட்கிழமை இரண்டு தலையை உருட்டிக் காட்டினால் போதும் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் கைதட்டுகிறோம்.

சரி, பீனுக்கு எத்தனை? நானும் ஒளிக்காமல் தாளைத் திருத்திவிடுகிறேன். 2018இல் இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்து ஏழாவது இடத்துக்கு ஏறி ஜொஷ் அலனை எடுத்தார். கல்லூரியில் அவர் எறிந்த பந்துகளில் 56 வீதம்தான் போய்ச் சேர்ந்தது, நிபுணர்கள் பலர் தலையில் கைவைத்தார்கள். அலன் 2024 பருவத்தின் அதிசிறந்த வீரர். மேலே ஏறுவது சூது என்று சொன்னேன், இதுவும் சூதுதான், ஆனால் எடுத்தபின் அந்தப் பிள்ளையை வளர்க்கத் தேவையானதை எல்லாம் செய்தார். 2020இல் ஸ்டெஃபோன் டிக்ஸை மினசோற்றாவிடம் வாங்கியபோது கொடுத்த தெரிவுதான் அங்கே ஜெஃபர்சனாக மாறிய அந்த 22. அதற்காகப் பீனைத் திட்டுபவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன், அலன் அலனானது டிக்ஸ் வந்த வருடத்தில். 2024இல் 31 மில்லியன் உச்சவரம்பு இழப்போடு டிக்ஸை அனுப்பினார், அணி 13 வெற்றியோடு அரையிறுதி மாதிரியான ஆட்டம்வரை போனது. றோஸ்மன்போல இவரும் தன் பிழையையும் பழசையும் சுமந்து திரிகிறவர் இல்லை. 33 வயதை எட்டிக்கொண்டிருந்த வொன் மில்லருக்கு 2022இல் ஆறு வருடம், 120 மில்லியன்வரை போகக்கூடிய ஒப்பந்தம் கொடுத்ததற்கு வெட்டு. முழங்கால் கிழிந்தது யாருடைய பிழையும் இல்லை, ஆனால் அந்த வயதில் ஆறு வருடம் பிழை.

2021, 2022, 2024, 2025 ஜனவரிகளில் நான்குமுறை கன்சாஸ் சிற்றியிடம் தோற்று வீட்டுக்கு வந்தார்கள். கடைசி இரண்டும் மூன்றே புள்ளி வித்தியாசத்தில். அதற்காக ஒரு முகாமையாளரைக் கலைப்பதென்றால் மஹோம்ஸ் பிறந்ததற்காகக் கலைக்கிற மாதிரி. ஆனால் 2024 ட்ராஃப்ட்டில் தன்னுடைய 28ஆவது இடத்தை அதே கன்சாஸ் சிற்றிக்கு விற்றார், பாருங்கள். அவர்கள் அதில் சேவியர் வேர்தி என்ற மின்னல் வேக ஓட்டக்காரரை எடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து அந்த வேர்தி பில்ஸுக்கு எதிராக 85 யார் பிடித்து ஒரு ரச்டவுனும் போட்டார். எதிரிக்கு இரண்டாம்முறை கடையைத் திறந்துவிட்டதற்கு நான் ஐந்து வெட்டுகிறேன்.

கூட்டிப் பார்த்தால் 76. புது மைதானத்தில் இருக்கை உரிமைக்குக் காசு கட்டிய ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். "கூடிப்போச்சு அங்கிள். வேர்திக்கு மட்டும் ஒரு பத்தாவது வெட்டுங்கோ" என்றான். பெகுலாவுக்கு எத்தனை போடுவாய் என்று கேட்டேன். அதை அவன் யோசித்ததே இல்லையாம்.